எரிகாயம் ஆறப் பல ஆண்டு, வழக்குப் போட இரண்டே ஆண்டு

2021ஆம் ஆண்டின் கடைசி இரண்டு மாதங்களில் இலங்கையில் பல வீடுகள் கேஸ் அடுப்பைப் பற்றவைக்கவே பயந்தன. நவம்பர் 20ஆம் திகதி கொழும்பு ரேஸ் கோர்ஸ் கட்டடத்தில் வெடிப்பு நடந்தது. அதைத் தொடர்ந்து நாட்டின் பல இடங்களிலும் கண்ணாடி அடுப்புகள் சிதறின, ரெகுலேட்டர்கள் தீப்பற்றின, உயிர்களும் போயின. மொரட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்த வல்பொல தலைமையில் ஜனாதிபதி நியமித்த குழு இதை ஆராய்ந்தது. சிலிண்டருக்குள் இருந்த புரொப்பேன், பியூட்டேன் கலவையின் விகிதம் மாறியதே முக்கிய காரணம் என்று அது அறிக்கை கொடுத்தது.

அந்த அறிக்கை வந்ததால் மட்டும் காயப்பட்ட எவருடைய கைக்கும் பணம் வந்துவிடாது. என் வீட்டில், இந்தச் சிலிண்டரால், இந்தக் காயம் ஏற்பட்டது என்பதை ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக நிரூபிக்க வேண்டும். கொழும்பின் கிருலப்பனை போன்ற இடத்துக்கு இத்தகைய விபத்து தூரத்துச் செய்தி அல்ல. இங்கே கால்வாயோர வீடுகளும் தொடர்மாடிகளும் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. ஹைலெவல் வீதியின் சாப்பாட்டுக் கடைகளில் கொதிக்கும் எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில்தான் பலருடைய பிழைப்பு.

காயம் மெதுவாக ஆறும், காலக்கெடு வேகமாக ஓடும்

1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, இழப்புக்கோ காயத்துக்கோ நட்டஈடு கேட்கும் வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்யச் சொல்கிறது. ஆழமான எரிகாயத்தின் தழும்பு முதிர்ந்து அடங்கவே ஒன்றரை ஆண்டு, சில வேளை அதற்கு மேலும் எடுக்கும். தோல் ஒட்டு, இறுகிப்போன மூட்டுக்கு மீண்டும் சத்திரசிகிச்சை, அழுத்த உடை, உடற்பயிற்சிச் சிகிச்சை என்று கிளினிக்குக்கு அலையும் குடும்பம் வழக்கைப் பற்றி யோசிக்கும்போது கெடு முடிந்திருக்கும்.

காயப்பட்டவர் சிறுவராக இருந்தால் அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு சலுகை தருகிறது. ஆனால் தடயங்களுக்கும் சாட்சிகளின் ஞாபகத்துக்கும் அந்தச் சலுகை கிடையாது. பிள்ளை வளரும்போது தழும்புத் தோல் அதற்கு ஈடாக வளர்வதில்லை. வளர்ந்து முடியும்வரை புதிய சத்திரசிகிச்சைகள் தேவைப்படலாம். அந்தச் செலவையும் சேர்த்தே நட்டஈடு கேட்க வேண்டும்.

முதல் வாரம்

முதலில் காயம். ஓடும் குழாய்த் தண்ணீரை 20 நிமிடமாவது விடுங்கள். பற்பசை, எண்ணெய் எதையும் பூசாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். வாட்டில் சேர்த்ததும் வீட்டிலுள்ள ஒருவர் நான்கு வேலைகளைக் கையில் எடுக்க வேண்டும்.

ஒன்று, பொலிஸ் முறைப்பாடு. பதிவு இலக்கத்தைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை. உடலில் எத்தனை வீதம், எந்த ஆழத்தில் எரிந்தது என்ற அவருடைய குறிப்பு நீதிமன்றத்தில் பெறுமதி மிக்க சாட்சியம். மூன்று, டயக்னோசிஸ் காட், மருந்துத் துண்டு, ரசீது, ஓட்டோக் கூலிக் கணக்கு எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். காயத்தைத் திகதியோடு படம் எடுத்து வையுங்கள்.

நான்காவதில்தான் பலர் தவறுகிறார்கள். இடத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, கருகிய குழாயைக் குப்பையில் போட்டு, சிலிண்டரைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அதோடு வழக்கின் பாதி போய்விடுகிறது. ஆபத்து நீங்கியதும் ரெகுலேட்டர், ரப்பர் குழாய், அதை இறுக்கிய கிளிப், அடுப்பின் உடைந்த துண்டுகள், சிலிண்டரின் சீல், வாங்கிய பில் ஆகியவற்றை அப்படியே வைத்து, பொலிஸார் பொறுப்பேற்கும்படி கேளுங்கள். அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கைக்கு இவைதான் மூலப்பொருள்.

யாரிடம் கேட்பது

விபத்து வேலைத்தலத்தில் நடந்திருந்தால் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. கடைச் சமையலறையில் எண்ணெய் கொட்டியவரும் பட்டறையில் கொதிகலன் வெடித்துக் காயப்பட்டவரும் அதன் கீழ் வரலாம். முதலாளியின் கவனயீனத்தை இங்கே நிரூபிக்கத் தேவையில்லை. வேலையின்போது, வேலையின் காரணமாகக் காயம் ஏற்பட்டது என்று காட்டினால் போதும். உச்சத் தொகை 2022இன் திருத்தத்தால் ஐந்தரை இலட்சம் ரூபாயிலிருந்து 20 இலட்சமாக உயர்ந்தது. இதே காயத்துக்கு இந்த வழியிலும் சிவில் நீதிமன்றத்திலும் ஒருசேரப் பணம் பெற முடியாது என்பதால், எதைத் தெரிவுசெய்வது என்று முதலிலேயே சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

குறைபாடுள்ள அடுப்போ சிலிண்டரோ காரணமென்றால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி அந்தச் சபையிடம் எழுத்தில் முறையிடலாம். தரநிர்ணயத்துக்கோ உத்தரவாதத்துக்கோ மாறான பொருள் என்று விசாரணையில் தெரிந்தால் நட்டஈடு கொடுக்குமாறு சபை கட்டளையிடலாம். பொருள் விற்கப்பட்டு மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச்சேர வேண்டும். சபையின் தொலைபேசி இலக்கம் 1977.

பெரிய தொகைக்கு வழி மாவட்ட நீதிமன்றம். கொழும்புக்காரருக்கு அது புதுக்கடை. உரோம டச்சுச் சட்டத்தின்படி எதிராளியின் கவனயீனத்தையும், அதனால்தான் காயம் ஏற்பட்டது என்பதையும் வழக்காளியே நிரூபிக்க வேண்டும். வைத்தியக் கவனயீனம் பற்றிய பிரியானி சொய்சா வழக்கு இதன் கடுமையைக் காட்டியது. பிள்ளையை இழந்த தந்தைக்கு மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபாய் வழங்கத் தீர்ப்பளித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டரை இலட்சமாகக் குறைத்தது. கவனயீனத்துக்கும் மரணத்துக்கும் இடையிலான தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்று கூறி உயர் நீதிமன்றம் 2001இல் வழக்கையே தள்ளுபடி செய்தது.

எரித்தவர் வேண்டுமென்றே செய்திருந்தால், மண்ணெண்ணெய் ஊற்றியோ அமிலம் வீசியோ இருந்தால், அது குற்றவியல் வழக்கு. குற்றத்துக்கு ஆளானோருக்கான பாதுகாப்பையும் உதவியையும் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் ஏற்பாடு செய்கிறது. அதற்கான தேசிய அதிகார சபையிடம் நட்டஈட்டுக்கும் விண்ணப்பிக்கலாம்.

எதற்கெல்லாம் பணம்

இதுவரையான மருத்துவச் செலவு, இனி வரப்போகும் செலவு, இழந்த சம்பளம், குறைந்துபோன உழைக்கும் ஆற்றல் ஆகியவை கணக்கில் அடங்கும். வலி, உருக்குலைவு, வாழ்க்கையின் இயல்பான இன்பங்களை இழந்தது ஆகியவற்றுக்கும் கேட்கலாம். ஒரே காயத்துக்குத் திரும்பத் திரும்ப வழக்குப் போட முடியாது. ஆகவே அடுத்த பத்தாண்டில் எத்தனை சத்திரசிகிச்சை வேண்டிவரும் என்று பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சை நிபுணரிடம் எழுதி வாங்குவது முக்கியம்.

உயிரே போயிருந்தால், உறவினரின் துயருக்கு முன்னர் சட்டத்தில் இடமிருக்கவில்லை. 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் அதை மாற்றி, இழந்த அன்புக்கும் துணைக்கும் அரவணைப்புக்கும் நட்டஈடு கேட்க வழிவிட்டது. காயப்பட்டவரிடமும் ஓரளவு பிழை இருந்தால் என்ன செய்வது? பழைய குழாயை மாற்றாமல் விட்டது எங்கள் குற்றம்தானே என்று பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி அந்த அளவுக்குத் தொகை குறையுமே தவிர உரிமை அற்றுப்போகாது.

கையெழுத்துக்கு முன்

வாட்டில் படுத்திருப்பவரிடம் சிறு தொகையைக் கொடுத்து, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதி வாங்க வருவோர் உண்டு. பணம் கட்டாயம் தேவைப்படும் நேரம் அது. அப்படியான தாளில் உடனே ஒப்பமிடாதீர்கள். அதன் பிரதியை வாங்கிச் சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாத குடும்பங்களுக்காகவே 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் சட்ட உதவி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. வருமானம் குறைந்தோருக்கு அது இலவசமாக வழக்காடித் தருகிறது. அதன் தலைமை அலுவலகம் புதுக்கடை நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. காயம் ஆறட்டும் பார்ப்போம் என்று தள்ளிப்போடாமல், முதல் மாதத்திலேயே கோப்போடு அங்கே போங்கள்.