செயின்சாவின் மூச்சுக்குழல்

நம்மூரில் மஃப்ளர் என்றால் மார்கழிக் குளிருக்குக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும் கம்பளித் துண்டு. வண்டியின் சத்தத்தை அடக்கும் பாகத்துக்குச் சைலன்சர் என்று பேர். அமெரிக்க மரவெட்டிகளோ அதையும் மஃப்ளர் என்றே சொல்கிறார்கள். பொருத்தமான பெயர்தான். கம்பளித் துண்டை மூக்கோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு மலையேறினால் மூச்சு முட்டுமே, மரம் அறுக்கும் செயின்சாவுக்கும் அதே கதிதான். அதனால் அறுப்பையே தொழிலாகக் கொண்ட சிலர், நல்ல மெஷினின் சைலன்சரையே கழற்றி அதன் வாயை அகலமாக்குகிறார்கள்.

செயின்சாவுக்குள் இருப்பது டூ ஸ்ட்ரோக் இன்ஜின், பழைய யமஹா ஆர்எக்ஸ் 100-இன் சின்னத் தம்பி. இதில் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் வெட்டிய ஜன்னல்களைப் பிஸ்டனே மேலும் கீழும் போய்வந்து மூடித் திறக்கிறது. நிமிடத்துக்கு 12,000 சுற்று ஓடினால் விநாடிக்கு 200 வெடிப்பு, ஒரு சுற்றுக்கு 5 மில்லி விநாடி. அதிலும் புகை ஜன்னல் திறந்திருப்பது சுமார் 2 மில்லி விநாடிதான். அதற்குள் எரிந்த புகை வெளியேற வேண்டும். அதைத் தள்ளிக்கொண்டு புதுக் காற்றும் பெட்ரோலும் உள்ளே வர வேண்டும். வெளிவாசல் குறுகலாக இருந்தால் பழைய புகை கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடும். அது அடைத்துக்கொண்ட இடம் புதுக் கலவைக்கு நட்டம்.

வாசலைக் குறுக்கி வைத்தவர்களுக்குக் காரணம் இருக்கிறது. உள்ளங்கை அளவுள்ள அந்தத் தகரப் பெட்டி மூன்று வேலை பார்க்கிறது. தடுப்புகளில் மோதவிட்டுச் சத்தத்தைத் தணிக்கிறது. 0.6 மி.மீ.க்கும் சிறிய கண்களுள்ள கம்பி வலையால் தீப்பொறியைப் பிடித்து வைக்கிறது. மூன்றாவது, மாசுக் கட்டுப்பாடு. டூ ஸ்ட்ரோக்கில் புதுக் கலவையின் ஒரு பங்கு எரியாமலே புகையோடு ஓடிவிடும். அமெரிக்காவில் 1997 மாடல் முதல் இத்தகைய சிறு இன்ஜின்களுக்கும் மாசு வரம்பு வந்தபோது, கம்பெனிகள் பெட்ரோல் அளவைக் குறைத்து வைத்தன. சில மாடல்களில் சைலன்சருக்குள் வினையூக்கி மாற்றியும் (கேட்டலிடிக் கன்வெர்ட்டர்) புகுந்தது.

வாசலைத் திறப்பதில் உள்ள கணக்கு சுவையானது. 12 மி.மீ. விட்டமுள்ள துளையின் பரப்பு 113 சதுர மி.மீ. அதை 16 மி.மீ. ஆக்கினால் 201. நான்கே மில்லிமீட்டர் கூட்டியதில் வழி ஏறத்தாழ 1.8 மடங்கு. மொத்த வாசல், சிலிண்டரின் புகை ஜன்னல் பரப்பில் சுமார் 80 சதவீதம் இருந்தால் போதும் என்பது மெக்கானிக்குகளின் கைக்கணக்கு. அதற்கு மேல் போனால் கூடுவது பெரும்பாலும் சத்தம்தான். துளையிட மனமில்லாதவர்கள் இரட்டை வாய் வைத்த மூடியை வாங்கி மாட்டுகிறார்கள். துளையிடுபவர்கள் சைலன்சரைத் தனியே கழற்றித்தான் துளையிட வேண்டும். ஓர் இரும்புத் துகள் சிலிண்டருக்குள் போனாலே சுவரைக் கீறிவிடும்.

துளையோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்தான் மெஷினை இழக்கிறார். புகை தாராளமாகப் போனால் காற்றும் தாராளமாக வரும். பெட்ரோல் மட்டும் பழைய அளவிலேயே நின்றால் கலவை மெலிந்துவிடும். செயின்சாவில் பிஸ்டனுக்கான எண்ணெய் பெட்ரோலில்தான் கலந்து வருகிறது. இன்றைய மெஷின்கள் பலவற்றுக்கு லிட்டருக்கு 20 மில்லி. பெட்ரோல் போதவில்லை என்றால் எண்ணெயும் போதாது, சூடும் ஏறும். முதலில் மெஷின் அபாரமாகப் பாய்வதுபோல் இருக்கும். கொஞ்ச நேரத்தில் பிஸ்டன் சீஸ் ஆகி நிற்கும்.

ஆகவே கார்புரேட்டரில் ‘எச்’ என்று குறித்த திருகை இடப்பக்கம் சிறிது திருப்பிப் பெட்ரோலைக் கூட்ட வேண்டும். போதுமா என்று காது சொல்லும். மரத்தில் வைக்காமல் முழு வேகத்தில் விட்டால் கரகரவென்று குழறவேண்டும். மரத்தைத் தொட்டதும் குழறல் போய்ச் சீராக ஓடவேண்டும். மாசு விதிகளுக்குப் பிறகு வந்த மெஷின்களில் இந்தத் திருகுக்கு மூடி போட்டு, ஓரளவுக்கு மேல் திரும்பாமல் கட்டியிருக்கிறார்கள். ஸ்டில்லின் எம்-ட்ரானிக், ஹஸ்க்வர்னாவின் ஆட்டோட்யூன் வகைகள் கலவையைத் தாமே சரிசெய்துகொள்கின்றன. அதற்கும் ஓர் எல்லை உண்டு.

உண்மையில் டூ ஸ்ட்ரோக் கேட்பது அகன்ற வாய் மட்டுமல்ல, அளந்து செய்த குழாய். 1950களில் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் வால்டர் காடன், நடுவில் வயிறு பெருத்து முனையில் ஒடுங்கும் குழாயைச் செம்மைப்படுத்தினார். குழாயில் ஓடும் அழுத்த அலை ஒடுங்கிய முனையில் மோதித் திரும்பி, தப்பி ஓடும் புதுக் கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும். அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-இல் இந்த நுட்பத்தோடு மேற்கே தப்பி, சுசூகியில் சேர்ந்து, மறு ஆண்டே 50 சிசி உலகப் பட்டம் வென்றார். மரவெட்டுப் போட்டிகளின் ‘ஹாட் சா’ மெஷின்களில் இத்தகைய குழாயைக் காணலாம். காட்டில் கையில் தூக்கித் திரியும் மெஷினில் அதற்கு இடமில்லை.

வாயைத் திறப்பதற்குக் காதுதான் முதல் விலை கொடுக்கிறது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வேலை செய்யலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. அதன்படி, செயின்சாக்களில் சாதாரணமான 106 டெசிபலுக்கு நான்கு நிமிடம்கூட இல்லை. அடுத்த விலை காட்டுடையது. வலையை எடுத்துவிட்டால் காய்ந்த சருகில் ஒரு பொறி போதும்; கலிபோர்னியாவின் காட்டுப்பகுதிகளில் பொறித்தடுப்பு இல்லாமல் இயக்குவதே குற்றம். மாசுக் கட்டுப்பாட்டுப் பாகத்தில் கைவைப்பதை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டமும் தடுக்கிறது.

உங்கள் மெஷின் இழுக்கவில்லையா? துளைக் கருவியை எடுக்குமுன் சைலன்சர் ஆறியபின் அந்தக் கம்பி வலையைக் கழற்றிப் பாருங்கள். நாள்பட்ட கரி கண்களை அடைத்திருந்தால், ஒரு கம்பித் தூரிகையால் தேய்த்து மாட்டுங்கள். தொலைந்த சக்தி பல நேரங்களில் அங்கேதான் இருக்கும்.