"நினைவு வந்துடுச்சா?"

ஆபரேஷன் தியேட்டரில் மேசைமேல் படுத்திருக்கிறீர்கள். புறங்கையில் செருகியிருக்கும் ஊசிக் குழாய் வழியாக, பால் மாதிரி வெள்ளையாக ஒரு மருந்தை மயக்க டாக்டர் ஏற்றுகிறார். அதன் பெயர் புரோபோஃபால். கை லேசாக எரிகிறது. "உங்களுக்கு எந்த ஊருங்க?" என்று பேச்சுக் கொடுக்கிறார். "திருவண்ணாமலை பக்கத்துல..." என்று ஆரம்பிக்கிறீர்கள். அவ்வளவுதான். அடுத்து காதில் விழுவது, "ஆபரேஷன் முடிஞ்சிடுச்சு, கண்ணைத் திறங்க" என்ற குரல். இடையில் இரண்டு மணி நேரம் போயிருக்கிறது. தூங்கி எழுந்தால்கூட எவ்வளவு நேரம் தூங்கினோம் என்று குத்துமதிப்பாகச் சொல்லிவிடலாம். இங்கே அதுவும் முடியாது. வெட்டி ஒட்டிய பிலிம் சுருள் மாதிரி அந்தக் காட்சி முடிந்த கையோடு இந்தக் காட்சி வந்துவிடுகிறது.

வெளியே காத்திருக்கும் உங்கள் வீட்டார் நர்ஸிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "நினைவு வந்துடுச்சா சிஸ்டர்?"

இந்த 'நினைவு' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். 'நினைவு தப்பிவிட்டது' என்றால் மயங்கிவிட்டார் என்று பொருள். 'நினைவில்லை' என்றால் மறந்துவிட்டேன் என்றும் பொருள். பேச்சுக்கு இது வசதி. ஆனால் மூளைக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ள, இந்த ஒரு சொல்லை மூன்றாகப் பிரிக்க வேண்டும். கண் விழித்திருப்பது விழிப்பு. வலி, வெளிச்சம், 'நான் இங்கே இருக்கிறேன்' என்பதெல்லாம் உள்ளே தெரிவது உணர்வு. தெரிந்ததைப் பத்திரப்படுத்தி வைப்பது ஞாபகம். அன்றாட வாழ்க்கையில் இந்த மூன்றும் ஒட்டியே வருவதால் ஒன்றுபோலத் தோன்றுகின்றன. மூளைக்குள் ஒவ்வொன்றுக்கும் தனி ஏற்பாடு இருக்கிறது.

விழிப்பு: அடியில் ஒரு சுவிட்ச்

முதல் உலகப் போர்க் காலத்தில் ஐரோப்பாவில் ஒரு விசித்திரமான மூளைக்காய்ச்சல் பரவியது. சிலர் வாரக்கணக்கில் தூங்கிக்கொண்டே இருந்தார்கள். வேறு சிலருக்குத் தூக்கமே வரவில்லை. வியன்னா மருத்துவர் கான்ஸ்டன்டின் ஃபான் எகனாமோ இறந்தவர்களின் மூளையைச் சோதித்தார். தூங்கிக்கொண்டே இருந்தவர்களுக்கு, மூளையின் அடிப்பக்கம் இருக்கும் ஹைபோதலாமஸின் பின்பகுதியும் அதை அடுத்த நடுமூளையும் பழுதாகியிருந்தன. தூக்கம் வராதவர்களுக்கு ஹைபோதலாமஸின் முன்பகுதி கெட்டிருந்தது. விழித்திருப்பதற்கும் தூங்குவதற்கும் மூளையில் தனித்தனி இடங்கள் உண்டு என்பதற்கு இது முதல் தடயம்.

1949இல் நரம்பியல் ஆய்வாளர்கள் ஜுசெப்பே மொருட்சியும் ஹோரஸ் மாகூனும் அடுத்த துண்டைக் கண்டுபிடித்தார்கள். லேசான மயக்கத்தில் இருந்த பூனைகளின் மூளைத்தண்டில், வலைபோலப் பின்னிக் கிடக்கும் நரம்புப் பகுதியை மெல்லிய மின்சாரத்தால் தூண்டினார்கள். தூக்கத்துக்கே உரிய பெரிய, மெதுவான மூளை அலைகள் மறைந்து, விழித்திருக்கும் மூளையின் சின்ன, வேகமான அலைகள் வந்தன. விழிப்பின் சுவிட்ச் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது.

தலையில் பலத்த அடிபட்டவர் கோமாவில் விழுவது பல நேரம் இந்த வட்டாரம் பாதிக்கப்படுவதால்தான். மூளைத்தண்டின் மேல்பகுதியில் சிறிய இரத்தக் கசிவு ஏற்பட்டாலும் போதும், மேலே உள்ள மூளை முழுசாக இருந்தும் ஆள் கண் திறக்கமாட்டார்.

ஆனால் சுவிட்ச் போட்டால் மட்டும் படம் தெரிந்துவிடாது. படம் ஓட வேறு ஏற்பாடு வேண்டும்.

உணர்வு: மேலே நடக்கும் உரையாடல்

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. அதில் கிட்டத்தட்ட 6,900 கோடி பிடரிப் பக்கம் இருக்கும் சிறுமூளையில் அடங்கியிருக்கின்றன. மேலே மடிப்பு மடிப்பாகத் தெரியும் பெருமூளைப் புறணியில் இருப்பது சுமார் 1,600 கோடிதான். உணர்வு என்பது எண்ணிக்கையைப் பொறுத்தது என்றால், அது சிறுமூளையில்தான் குடியிருக்க வேண்டும். ஆனால் சிறுமூளை பழுதானவர்களுக்கு நடை தள்ளாடும், பேச்சு குழறும்; உணர்வு போகாது. அங்கே நரம்பணுக்கள் தனித்தனி வரிசைகளாக வேலை செய்கின்றன, ஒரு வரிசை இன்னொன்றோடு அதிகம் பேசுவதில்லை. புறணியில் எல்லாரும் எல்லாரோடும் பேசுகிறார்கள். மூளையின் நடுவில் இருக்கும் தலாமஸ் அந்தப் பேச்சை இணைத்துக் கொடுக்கிறது.

இந்தப் பேச்சு நடக்கிறதா என்று வெளியிலிருந்து சோதிக்க முடியுமா? சந்தையில் மண்பானை வாங்கும்போது விரலால் தட்டிப் பார்ப்போம். கணீரென்றால் நல்ல பானை. 2005இல் நரம்பியலாளர் மார்செல்லோ மாசிமினியும் சகாக்களும் மூளையை அப்படித் தட்டிப் பார்த்தார்கள், விரலுக்குப் பதில் மண்டைக்கு வெளியிலிருந்து ஒரு காந்தத் துடிப்பால். விழித்திருப்பவரின் மூளையில், தட்டிய இடத்தில் எழுந்த அலை இங்கே, அங்கே, எதிர்ப்பக்கம் என்று பல இடங்களுக்குத் தாவி, நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓடியது. ஆழ்ந்து தூங்குபவரின் மூளையில் அதே அலை பலமாக எழுந்தாலும், எழுந்த இடத்திலேயே அடங்கிவிட்டது.

தியேட்டரில் உங்களுக்கு ஏற்றிய வெள்ளை மருந்து செய்வதும் இதுதான். மூளையில் நரம்பணுக்களை அமர்த்தி வைக்கும் 'காபா' என்ற வேதிப்பொருளின் கையை அது வலுப்படுத்துகிறது. அடியில் இருக்கும் சுவிட்சும் தணிகிறது, மேலே பகுதிகளுக்கு இடையிலான பேச்சும் அறுந்துவிடுகிறது.

கனவு இன்னொரு சாட்சி. உடல் தூங்குகிறது, விழிப்பு இல்லை. ஆனால் பஸ்ஸைத் தவறவிட்ட பதற்றம் முழுசாக உணரப்படுகிறது. விழிப்பு இல்லாமலும் உணர்வு இருக்கலாம்.

கண் திறந்திருக்கிறது, ஆள் இருக்கிறாரா?

கோமாவிலிருந்து மீண்டு கண் திறக்கும் சிலர் அதற்குமேல் முன்னேறுவதில்லை. காலையில் விழிக்கிறார்கள், இரவில் தூங்குகிறார்கள், கூப்பிட்டால் திரும்புவதில்லை. விழிப்பு மட்டும் இருக்கிறது, உணர்வு இல்லை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது.

2006இல் நரம்பியலாளர் ஏட்ரியன் ஓவனின் குழு, விபத்தில் அடிபட்டு இந்த நிலையில் இருந்த 23 வயதுப் பெண்ணை ஸ்கேன் இயந்திரத்தில் படுக்கவைத்தது. "டென்னிஸ் விளையாடுவதாகக் கற்பனை செய்யுங்கள்" என்றார்கள். உடல் அசைவுகளைத் திட்டமிடும் பகுதி விழித்துக்கொண்டது. "உங்கள் வீட்டுக்குள் ஒவ்வொரு அறையாக நடப்பதாக நினையுங்கள்" என்றார்கள். இடம், வழி அறியும் பகுதிகள் இயங்கின. நலமாக இருப்பவர்களின் மூளை காட்டும் அதே படம். கேட்டுக்கொண்டால் விரலைக்கூட அசைக்காத அந்தப் பெண், சொன்னதைக் கேட்டு, புரிந்துகொண்டு, செய்துகொண்டிருந்தார்.

இது அபூர்வமான ஒரு விதிவிலக்கு அல்ல. 2024இல் வெளியான பல நாட்டு ஆய்வில், கட்டளைக்கு வெளிப்படையாக எந்தப் பதிலும் தராத 241 பேர் சோதிக்கப்பட்டார்கள். 60 பேரின் மூளை, சொன்னதைச் செய்ய முயல்வதைக் காட்டியது. நான்கில் ஒருவர்.

தலாமஸைத் தூண்டி இதுபோன்ற நிலையை மாற்றவும் முயன்றிருக்கிறார்கள். தாக்குதலில் மூளை சேதமாகி ஆறு ஆண்டுகள் அரைகுறை உணர்வில் கிடந்த 38 வயது ஒருவருக்கு, தலாமஸில் மின்கம்பி பொருத்தித் தூண்டினார்கள். 2007இல் வெளியான அறிக்கைப்படி, அவரால் பொருள்களின் பெயரைச் சொல்லவும் வாயால் சாப்பிடவும் முடிந்தது.

ஞாபகம்: எழுதப்படாத நேரம்

மீண்டும் தியேட்டருக்கு வருவோம். 'எனக்கு எதுவுமே தெரியவில்லை' என்று நீங்கள் சொல்வது, உணர்வு இல்லை என்பதாலா, ஞாபகம் பதியவில்லை என்பதாலா?

இதைக் கண்டறிய ஒரு எளிய வழி உண்டு. தசைகளைத் தளர்த்தும் மருந்தை ஏற்றும் முன், ஒரு கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைக் கட்டி இறுக்கிவிடுவார்கள். மருந்து அந்த முன்கைக்குப் போகாது, கை அசையும் நிலையிலேயே இருக்கும். பிறகு, மயக்கத்தில் இருப்பவரின் காதருகே, "என் கையை அழுத்துங்க" என்பார்கள். 2017இல் வெளியான ஓர் ஆய்வில் 260 பேரில் 12 பேர் அழுத்தினார்கள். ஆபரேஷன் முடிந்து கேட்டபோது, ஒருவருக்கும் அது ஞாபகமில்லை.

ஞாபகத்துக்கு ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி வேண்டும். வலிப்பு நோய்க்காக 1953இல் ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கரின் இரு பக்க ஹிப்போகாம்பஸையும் பெருமளவு வெட்டி எடுத்தார்கள். அதன்பிறகு அவர் பேசினார், சிரித்தார், குறுக்கெழுத்துப் போட்டார். ஆனால் சற்றுமுன் பேசியவர் அறையை விட்டு வெளியே போய்த் திரும்பினால், புது ஆள் மாதிரிதான் பார்த்தார். உணர்வு குறையவில்லை, பதிவுதான் நின்றுபோனது.

இன்னும் திறக்காத கதவு

எந்தப் பகுதி எதைச் செய்கிறது என்பது இப்படி மெல்லத் தெளிகிறது. ஆனால் நரம்பணுக்களின் மின்துடிப்பு ஏன் வலியாக, மல்லிகை வாசமாக உணரப்பட வேண்டும்? நரம்பியலாளர் கிறிஸ்டோஃப் காக், 25 ஆண்டுக்குள் மூளையில் உணர்வின் தடம் தெளிவாகப் பிடிபட்டுவிடும் என்று 1998இல் தத்துவவாதி டேவிட் சால்மர்ஸிடம் பந்தயம் கட்டினார். 2023இல் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயின் பாட்டில்களைக் கொடுத்தார்.

அந்தக் கதவு திறக்கும்வரை ஐசியு வாசலில் நிற்பவர்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். "நினைவு வந்துடுச்சா?" என்பதை மூன்று கேள்விகளாக டாக்டரிடம் கேளுங்கள்: கண் திறக்கிறாரா? சொல்வது புரிகிறதா? நடந்தது ஞாபகமிருக்கிறதா? பதில்கள் வெவ்வேறாக இருக்கலாம். இரண்டாவதற்கு 'தெரியவில்லை' என்று பதில் வந்தால், கட்டிலருகே நின்று அவர் கேட்கக்கூடாததைப் பேசாதீர்கள். பேத்தி பரீட்சையில் வாங்கிய மார்க்கைச் சொல்லுங்கள்.