லயத்து வாசலில்

இல்லச் சந்திப்பு, திருச்சபைப் பணிகளுள் எளியதெனத் தோன்றும். நலம் விசாரித்துச் செபித்துவிட்டு மீளலாம். ஆனால் சப்ரகமுவத் தோட்டங்களில் லயத்து வாசல் வரை செல்வதற்கே ஒரு நீண்ட வரலாறு உண்டு.

1854ஆம் ஆண்டில் இலங்கையின் கோப்பித் தோட்டத் தமிழரிடையே ஆங்கிலத் திருச்சபையார் மிஷன் பணி தொடங்கினர். திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் கடல் கடந்து வந்து லயம் லயமாக நடந்தனர். தோட்டத்துரைமாரும் பொருளுதவி செய்தனர். துரையின் பணத்தில் வந்தவரிடம் துரையைப் பற்றிய முறைப்பாட்டை எவர் சொல்லியிருப்பார்? நல்லெண்ணத்தோடு செல்லும் எவரையும் இக்கேள்வி இன்றும் விடுவதில்லை.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களைக் கொண்ட கத்தோலிக்க மறைமாவட்டம் 1995இல் உருவாயிற்று. அங்குள்ள ஒரு பங்கின் தொண்டர்களோடு எஹலியகொடைக்கு அப்பாலுள்ள றப்பர்த் தோட்டமொன்றுக்குச் சென்றேன். அன்று கனத்த மழை. வீடுதோறும் ஆட்கள் இருந்தமை கண்டு எங்களுள் இளையவர் மகிழ்ந்தார்.

"மழையாலதான் தம்பி எல்லாரும் வீட்டுல இருக்கோம். மரம் நனைஞ்சா பால்வெட்டு ஏது, பேரு ஏது?" என்றார் ஒரு மூதாட்டி.

'பேர்' என்பது அங்கே ஒருநாள் வேலைப் பதிவு. அரைப்பேர் விழுந்தால் அரைக்கூலி. எங்களுக்கு வாய்த்த நல்ல நாள் அவர்களுக்குக் கூலியற்ற நாள்! எனினும் தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் வெறுந்தேநீரும் வந்தன. மறுத்தால் மனம் நோகும். உண்டால் நம் மனம் நோகும். உண்டோம்.

அம்மூதாட்டி ஒரு தகரப்பெட்டியைத் திறந்து காட்டினார். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராய் வளர்ந்து, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி தமையனை இந்தியாவுக்கு வழியனுப்பி, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே இந்நாட்டுப் பிரசையானவர் அவர். தாள்களின் அருமை அவருக்குத் தெரியும். ஆகவே அடியிலிருந்த ஒரு கடித உறையைத் தனியே எடுத்து என் கையில் தந்தார்.

உயர்தரம் சித்தியெய்திய பேத்திக்கு வந்த நேர்முகத் தேர்வு அழைப்பு அது. தேர்வு முடிந்து ஒன்பது நாட்களின் பின் கிடைத்ததாம். அந்த லயத்துக்குத் தெருப்பெயருமில்லை, கதவிலக்கமுமில்லை. கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கு வரும். எவரேனும் கொணர்ந்தால் உண்டு. மறுபடி விண்ணப்பிக்கலாமென்றால் கிடைத்த படிவமோ சிங்களத்தில். தமிழும் அரசகரும மொழியென 1987இல் அரசியலமைப்பில் எழுதியாயிற்று. லயத்துக்குப் படிவம் வரும்போது அது நினைவில் இருப்பதில்லை போலும்.

பாட்டுப் புத்தகங்களை மூடினோம். எங்களோடு வந்திருந்த சிங்கள ஆசிரியர் ஒருவர் படிவத்தை வாசித்துச் சொல்ல, அப்பெண் நிரப்பினாள். செய்தி பரவ, அயல் காம்பராக்களிலிருந்தும் தாள்கள் வந்தன: பிறப்புச் சான்றிதழில் பிழைத்த பெயர், வராத சேமலாப நிதி, வைத்தியசாலைத் துண்டு. செபம் இறுதியில் ஐந்தே நிமிடம். அது குறைந்ததென்று எங்கள் தலைவருக்குச் சிறிது வருத்தம், எனக்கில்லை.

பதில்களுக்குப் பங்கு ஆலயத்தின் விலாசத்தையே எழுதியுள்ளோம். மாதம் இருமுறை அவற்றை லயத்துக்குக் கொண்டுசேர்க்க இருவர் முன்வந்தனர். ஒருவர் அந்தச் சிங்கள ஆசிரியர்; மற்றவர் அப்பேத்தி.