நெருப்புக்குப் பின் பூக்கும் புல்

பைன் காடு என்றதும் நமக்குக் கொடைக்கானல்தான் நினைவுக்கு வரும். நெருங்கி நிற்கும் மரங்கள், வெயில் இறங்காத நிழல், காலடியில் காய்ந்த ஊசியிலைகள். அங்கே பைன் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட மரம். அமெரிக்காவின் தென்கிழக்கில், வர்ஜீனியாவிலிருந்து டெக்சாஸ் வரை பரவியிருந்த லாங்லீஃப் பைன் காடு வேறு மாதிரி. மரங்கள் தள்ளித் தள்ளி நிற்க, வெயில் தரைவரை விழும். புல்லும் பூச்செடிகளும் அவரைக் குடும்பச் செடிகளும் அந்தத் தரையை மூடியிருக்கும். நல்ல இடங்களில் ஒரே சதுர மீட்டரில் 40 வகைத் தாவரங்கள் வரை எண்ணியிருக்கிறார்கள். பூச்சி தின்னும் வீனஸ் ஃபிளைட்ராப் இயற்கையாக வளர்வதும் கரோலினா மாநிலங்களில் இந்தக் காடுகளை ஒட்டிய ஈரமண்ணில்தான்.

ஒரு காலத்தில் ஏறத்தாழ 9 கோடி ஏக்கர். மரம் வெட்டினார்கள், உழுதார்கள், வேறு பைன் வகைகளைத் தோட்டமாக நட்டார்கள். மிஞ்சியது நூற்றுக்கு மூன்று பங்கு அளவே. 34 லட்சம் ஏக்கராக இருந்ததை 2025க்குள் 80 லட்சமாக உயர்த்த 2009இல் ஒரு பெருந்திட்டம் தொடங்கியது. நட்ட கன்றுகளை எண்ணுவது எளிது. அவற்றின் அடியில் என்ன முளைத்திருக்கிறது என்று குனிந்து பார்க்கத்தான் ஆள் குறைவு. என் கவலை அங்கேதான்.

இந்தக் காடு தீயால் வாழ்வது. மின்னலும், பிறகு பூர்வகுடிகளும் மூட்டிய தீ ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தரையோடு தரையாக ஓடியது. அதற்கு எரிபொருள் உதிர்ந்த ஊசியிலையும், கிழக்குப் பகுதிகளில் 'வயர்கிராஸ்' என்னும் மெல்லிய கம்பிப்புல்லும். லாங்லீஃப் கன்று முதல் சில ஆண்டுகள் புல் குத்துபோலவே தரையில் இருக்கும். நீண்ட இலைகள் குருத்தைத் தீயிலிருந்து காக்கும். தீ நின்றால் ஓக் மரங்களும் புதர்களும் எழும்பி வெளிச்சத்தை மறைத்துவிடும். பைன் கன்றும் பிழைக்காது. புல் இல்லாத தோட்டத்தில் தீ சீராக ஓடாது என்பதால், மரம் மட்டும் நட்ட இடம் நாளடைவில் புதர்க்காடாகிவிடும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வனத்துறையினர் தீயைப் பகையாகவே பார்த்தார்கள். காடைகளை ஆராய்ந்த ஹெர்பர்ட் ஸ்டாடர்ட், 1931இல் வந்த தம் நூலில், காடைகளுக்குத் தீ வேண்டும் என்று வாதாடினார். மெல்ல மெல்லத் தீ திரும்பியது. ஆனாலும் பாதுகாப்புக் கருதிக் குளிர்காலத்தில்தான் எரித்தார்கள். அப்படி எரித்தால் கம்பிப்புல் விதையே கட்டாது என்னும்படி குறைவாகத்தான் கட்டும். முளைக்கும் விதை இந்தப் புல்லில் அரிது என்றே நெடுநாள் நம்பியிருந்தார்கள். ஏப்ரல் முதல் ஜூலைக்குள் எரித்துப் பார்த்தபோது, அந்த ஆண்டே கதிர் தள்ளி நிறைய விதை கொடுத்தது.

இதற்குப் பிறகு வேலையின் முறையே மாறியது. நாற்றங்காலில் வளர்த்து ஒவ்வொரு நாற்றாக நட்டுக்கொண்டிருந்தவர்கள், விதையையே நேரடியாகத் தூவத் தொடங்கினார்கள். ஆண்டின் கடைசி மாதங்களில், டிராக்டரில் பூட்டிய சுழலும் தூரிகை கதிர்களிலிருந்து விதையை உருவி எடுக்கும். கூடவே நிற்கும் மற்றச் செடிகளின் விதைகளும் கலந்து வரும். அந்தக் கலவைதான் அருமையானது. குளிர்காலத்தில் தூவி, உருளை ஓட்டி மண்ணில் அழுத்துவார்கள்.

கடினமான பகுதி அதற்கு முன்னால் இருக்கிறது. மேய்ச்சலுக்காகத் தென் அமெரிக்காவிலிருந்து வந்த பஹியா புல் ஊன்றிய நிலத்தில் வேறெதுவும் எளிதில் எழாது. களைக்கொல்லி அடிக்க வேண்டியிருக்கிறது, பெரும்பாலும் ஒருமுறைக்கு மேல். இயற்கையை மீட்க நஞ்சா என்று எனக்கும் உறுத்துகிறது. ஆனால் பஹியாவை விட்டுவைத்து விதைத்தால், அரிதாகச் சேர்த்த விதை வீணாகிவிடும். ஆசியாவிலிருந்து போன கோகன் புல் இன்னும் மோசம். அது எரியும் சூட்டில் இளம் பைன்களே கருகிப்போகின்றன.

ஒருமுறை உழுத நிலத்துக்குக் கம்பிப்புல் பல பத்தாண்டுகள் கழித்தும் தானாகத் திரும்புவதில்லை. அதனால் ஏர் படாத நிலம் எங்கே மிஞ்சியிருக்கிறதோ அதற்குத்தான் முதல் பணம் போக வேண்டும். ஜார்ஜியாவின் இச்சவே, கோகோ கோலா நிறுவனத்தின் தலைவராக இருந்த ராபர்ட் உட்ரஃப் காடை வேட்டைக்காக வைத்திருந்த ஏறத்தாழ 29,000 ஏக்கர். காடைக்காகத் தீயும் புல்லும் அங்கே தொடர்ந்தன. இன்று அது ஆய்வு மையம். இப்படிப்பட்ட இடங்களிலிருந்துதான் மற்ற நிலங்களுக்கு விதை வர வேண்டும். அருகில் வீடுகளும் நெடுஞ்சாலைகளும் பெருகப் பெருக, புகைக்கு அஞ்சி எரிக்கும் நாட்கள் சுருங்குகின்றன. மே மாதம் எரிக்க முடியாத நிலத்திலிருந்து டிசம்பரில் அள்ள விதை கிடைக்காது.