புள்ளியா, மைத்துளியா?

சென்ற ரமழான் விடுமுறையில் உம்மம்மாவின் பெட்டகத்திலிருந்து ஒரு பழைய ஏடு வெளியே வந்தது. அவரது வாப்பா தம் கையால் பிரதி செய்த முனாஜாத்து ஏடு அது. மொழி தமிழ், எழுத்து அரபு. எங்கள் முன்னோர் அரபுத்தமிழ் என்று அழைத்த எழுத்து முறை. வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்தவர் இப்போது உம்மம்மா ஒருவர் மட்டுமே. அதன் முதற் பக்கத்தை நம் சஞ்சிகைக்காகத் தட்டச்சு செய்ய எண்ணிக் கைபேசியை எடுத்தேன். மூன்றாம் வரியிலேயே சிக்கிக்கொண்டேன். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக நம்மவர்கள் அரபு எழுத்துகளுக்கு மேலும் கீழும் புள்ளி இட்டுப் புதிய எழுத்துகளை ஆக்கியிருந்தார்கள். அவை என் விசைப்பலகையில் இல்லை. தெரியாத இடங்களில் வெற்றுக் கட்டம் இட்டுக் காட்டினேன்.

உம்மம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "வாப்பா எழுதின எழுத்தெங்க மகள்? பெட்டி பெட்டியா இருக்கே!" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் எனக்கு அது வெட்கமாகவும் இருந்தது. பதிலைத் தேடிப் போனபோதுதான், இதே வெற்றுக் கட்டத்தோடு பல ஆண்டுகளாகப் போராடிவரும் ஒரு பெரிய எழுத்துலகத்தைச் சந்தித்தேன். அது சீன எழுத்துலகம். அங்கே நான் கற்றதைத் தோழியரோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எழுத்துக்கு ஓர் எண்

கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டுமே தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணை எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான், நான் இங்கே தட்டும் "அ" இன்னொரு கணினியிலும் "அ" ஆகவே தோன்றும். உலக எழுத்துகளுக்கெல்லாம் இப்படிப் பொது எண் வழங்கும் ஏற்பாடே யுனிகோட் எனப்படும் ஒருங்குறி. தமிழில் 247 எழுத்துகள் என்று படித்திருக்கிறோம். ஆனால் உயிர், மெய்க்குரிய அடிப்படை வடிவங்கள், சேர்க்கைக் குறிகள் ஆகியவற்றுக்கு எண் கொடுத்தாலே போதும், மீதியை இணைத்துக்கொள்ளலாம். ஆகவே 128 இடங்களைக் கொண்ட ஒரு சிறு பகுதிக்குள் தமிழ் அடங்கிவிட்டது, அதிலும் பல இடங்கள் காலியாக உள்ளன.

சீனத்தின் கதை வேறு. அங்கே பொதுவாக ஓர் எழுத்து என்பது பொருளுள்ள ஒரு சொல் அல்லது சொல்லின் பகுதி. கி.பி. 100 அளவில் சூ ஷென் என்பார் தொகுத்த அகராதியில் 9,353 எழுத்துகள் இருந்தன. 1716 இல் காங்சி பேரரசரின் ஆணைப்படி முடிக்கப்பட்ட அகராதியிலோ 47,035. நாளாந்த வாசிப்புக்கு மூவாயிரம் நாலாயிரம் எழுத்துகள் தெரிந்தால் போதும். மற்றவை பழைய நூல்களிலும் ஊர்ப்பெயர்களிலும் மனிதரின் பெயர்களிலும் வாழ்கின்றன.

1980 இல் சீனா வெளியிட்ட முதல் கணினித் தரத்தில் 6,763 எழுத்துகளே இடம்பெற்றன. வழக்கமான எழுத்துகள்தாமே வேண்டும் என்று அன்று எண்ணியிருப்பார்கள். ஆனால் 1998 முதல் 2003 வரை சீனாவின் பிரதமராக இருந்த சூ ரோங்ஜியின் பெயரின் நடு எழுத்தே அந்தப் பட்டியலில் இல்லை! உலோகத்தைக் குறிக்கும் உறுப்பு இடப்பக்கம் வரவேண்டிய அந்த எழுத்துக்குப் பதிலாக, நெருப்பைக் குறிக்கும் உறுப்புடைய இன்னோர் எழுத்தைப் பலர் இட்டு எழுதினார்கள்.

பிரதமருக்கே அந்த நிலை என்றால் சாதாரண மக்களின் நிலை எப்படி இருக்கும்? யுன்னான் மாகாணத்தில் லிசு இனத்தவர் வாழும் ஒரு கிராமத்தில் "நியா" என்றொரு குடும்பப்பெயர் உண்டு. அதன் எழுத்து கணினியில் இல்லாததால், அடையாள அட்டை எடுக்கும்போது பலர் "வாத்து" என்று பொருள்படும் எழுத்தைத் தம் குடும்பப்பெயராக ஏற்க வேண்டியதாயிற்று. கணினியில் ஓர் இடம் இல்லாததால் ஒரு குடும்பத்தின் பெயரே மாறிவிட்டது. இதை வாசித்த இரவு எனக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

எப்படி இடம் கிடைக்கிறது?

ஒருங்குறியைத் தொடங்கியவர்கள் 16 பிற்று, அதாவது 65,536 இடங்கள், உலகம் முழுவதற்கும் போதும் என்று நினைத்தார்கள். 1992 இல் சேர்ந்த சீன எழுத்துத் தொகுதி 20,902. 2001 இல் ஒரே தடவையில் மேலும் 42,711 எழுத்துகள் வந்து சேர்ந்தன. அதற்குள் ஒருங்குறியும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இடங்களாக விரிக்கப்பட்டிருந்தது. 2025 ஆம் ஆண்டுப் பதிப்போடு சீன எழுத்துகளின் எண்ணிக்கை ஓர் இலட்சத்தைத் தாண்டிவிட்டது.

இந்த இலட்சமும் தானாக வந்ததல்ல. 1993 முதல் கருத்தெழுத்துகளை ஆராயும் ஒரு சர்வதேச நிபுணர் குழு இயங்கி வருகிறது. சீனா, ஹொங்கொங், தாய்வான், யப்பான், கொரியா, வியட்நாம் போன்ற இடங்களின் அறிஞர்கள் அதில் கூடுகிறார்கள். ஓர் எழுத்தைச் சேர்க்க விரும்புவோர் அது எந்த நூலில், எந்தப் பக்கத்தில், எந்த வரியில் உள்ளது என்பதைப் படத்தோடு காட்ட வேண்டும். எழுத்தின் தலைமை உறுப்பு எது, மீதியில் எத்தனை கோடுகள், உறுப்புகள் இடம் வலமாகவா மேல் கீழாகவா அமைந்துள்ளன என்று விவரிக்கவும் வேண்டும். "என் பாட்டனார் இப்படித்தான் எழுதுவார்" என்ற வாய்ச்சொல் மட்டும் அங்கே செல்லாது.

அதன் பின்னர்தான் மிகக் கடினமான கேள்வி எழுகிறது. இது புதிய எழுத்தா, பழைய எழுத்தின் இன்னொரு கையெழுத்தா? உதாரணமாக, "மண்" என்ற எழுத்தும் "கற்றவர்" என்ற எழுத்தும் அதே மூன்று கோடுகளால் ஆனவை. கீழ்க்கோடு நீண்டால் மண், மேற்கோடு நீண்டால் கற்றவர். ஆகவே இரண்டு எழுத்துகள், இரண்டு எண்கள். மறுபுறம், "எலும்பு" என்ற எழுத்தின் உள்ளே இருக்கும் சிறு மூலை சீனாவில் இடப்பக்கமும் யப்பானில் வலப்பக்கமும் திரும்பியிருக்கும். பொருளும் மூலமும் ஒன்றே என்பதால் இதற்கு ஓர் எண்தான். வேறுபாடு எவ்வளவு பெரிது என்பதைக் கண் சொல்லிவிடும். அது பொருளை மாற்றுகிறதா என்பதை நூலறிவுதான் சொல்ல வேண்டும்.

ஆவி எழுத்துகள்

கவனம் தவறினால் என்ன நடக்கும் என்பதற்கு யப்பானில் ஒரு கதை உண்டு. 1978 இல் யப்பான் தன் கணினித் தரத்தை வெளியிட்டபோது, எந்த அகராதியிலும் காணப்படாத சில எழுத்துகளும் அதில் நுழைந்துவிட்டன. அவற்றை "ஆவி எழுத்துகள்" என்று அழைக்கிறார்கள்.

1990களில் அறிஞர்கள் பழைய ஆவணங்களைத் தோண்டி அவற்றின் மூலத்தைத் தேடினார்கள். சிகா மாநிலத்தில் ஓர் ஊர்ப்பெயரில் மேலே "மலை", கீழே "பெண்" என்று அமைந்த ஓர் எழுத்து உண்டு. பட்டியல் தயாரித்தவர்களிடம் அந்த எழுத்து அச்சில் இல்லாததால், இரண்டு எழுத்துகளின் காகிதத் துண்டுகளை வெட்டி ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டியிருக்கிறார்கள். அதைப் படியெடுத்தபோது காகித விளிம்பின் நிழல் ஒரு கோடாக விழுந்தது. அந்த நிழலையும் எழுத்தின் பகுதி என்று எண்ணி, மலைக்கும் பெண்ணுக்கும் நடுவே ஒரு கோட்டோடு பதிவு செய்துவிட்டார்கள்! "வில்" ஒரு பக்கமும் "அண்ணன்" என்ற எழுத்து மறுபக்கமும் அமைந்த இன்னோர் ஆவி எழுத்துக்கோ இன்றுவரை மூலமே தெரியவில்லை.

ஒருங்குறியில் ஒரு விதி உண்டு. ஒருமுறை எண் கொடுத்த எழுத்தை ஒருபோதும் நீக்குவதில்லை. நீக்கினால் அந்த எண்ணால் எழுதப்பட்ட பழைய ஆவணங்கள் கெட்டுவிடும். ஆகவே அந்த நிழற்கோடு இன்று உலகின் எல்லாக் கணினிகளுக்கும் சொந்தமாகிவிட்டது. ஆண்டுக்கணக்கில் ஆதாரம் கேட்டு வாதாடுகிறார்களே என்று முதலில் எனக்குச் சலிப்புத் தட்டியது. இந்தக் கதையை அறிந்த பின்னர் அந்தச் சலிப்புப் போய்விட்டது.

ஒரே ஒருமுறை வரும் எழுத்துக்கும் இத்தனை பாடா என்று கேட்கலாம். எண் இல்லாத எழுத்தைப் படமாக ஒட்டலாம், ஆனால் தேட முடியாது. யப்பானிய அச்சகங்களில் எழுத்துக் கிடைக்காத இடத்தில் மரச்செருப்பின் தடம் போன்ற ஒரு குறியை இடும் வழக்கம் இருந்தது. நூலில் அத்தகைய தடங்கள் பெருகினால் வாசிப்பவர் எங்கே போவார்? டோக்கியோப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு பெரும் பௌத்த நூற்றொகுதி ஒன்றைக் கணினியேற்றியவர்கள், அதில் கண்ட அரிய எழுத்துகளை ஆதாரத்தோடு முன்வைத்தார்கள். அவற்றுட் பல 2017 இல் ஒருங்குறியில் சேர்ந்தன. 2023 ஓகஸ்ட் முதல் சீனாவில் நடைமுறைக்கு வந்த புதிய தரத்தில் 87,887 சீன எழுத்துகள் உள்ளன. முந்திய 6,763 எங்கே, இது எங்கே!

எண் கிடைத்தாலும் வேலை முடிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எழுத்துருவை ஆக்குவோர் வடிவம் வரைய வேண்டும். ஓர் எழுத்துருக் கோப்பில் 65,535 வடிவங்களே அடங்கும் என்பதால் சீனத்துக்கு ஒன்று போதாது. பின்பு, விசைப்பலகையில் அதைத் தட்ட ஒரு வழியும் வேண்டும். எண், வடிவம், விசை ஆகிய மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் எழுத்து நம் கைக்கு எட்டாது.

மீண்டும் பெட்டகத்துக்கு

இந்த அறிவோடு உம்மம்மாவின் ஏட்டை மறுபடி விரித்தேன். மூன்றாம் வரியில் இருந்தது கீழே ஒரு புள்ளியிட்ட தால். நம் "ட" ஓசைக்கானது. ஒருங்குறிப் பட்டியலில் தேடினேன், அந்த வடிவம் அங்கே ஏற்கெனவே இருந்தது! என் விசைப்பலகையில்தான் இல்லை. வெற்றுக் கட்டங்களில் பாதி அன்றே நிரம்பிற்று.

ஏழாம் வரியில் இன்னோர் எழுத்து. அதன் கீழே தெரிவது புள்ளியா, மைத்துளியா என்று சொல்ல முடியவில்லை. அவசரப்பட்டுத் தட்டினால் நானும் ஓர் ஆவியைப் பிறப்பித்துவிடுவேன். ஏடு முழுவதும் அதே எழுத்தைத் தேடினேன். நான்கு இடங்களில் கிடைத்தது. மூன்றில் அதே இடத்தில் தெளிவான புள்ளி, ஒன்றில் எதுவுமில்லை. பக்கம், வரி, சொல் என்று கொப்பியில் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் படம் எடுத்தேன்.

அப்புறம் உம்மம்மாவிடம் போய், "அந்த வரிய ஒருக்காச் சொல்லுங்க உம்மம்மா" என்றேன். அவர் ஏட்டைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, அவரது வாப்பா சொல்லிக்கொடுத்த இராகத்திலேயே சொன்னார். அந்தச் சொல்லில் "ழ" தெளிவாக ஒலித்தது. கொப்பியில் அந்த எழுத்துக்கு நேரே "புள்ளி" என்று எழுதினேன்.

இன்னும் முப்பத்தொரு பக்கங்கள் இருக்கின்றன. உம்மம்மாவுக்கு வயது எண்பத்தொன்று. அஸருக்குப் பிறகு தினமும் ஒரு பக்கம் என்று இருவரும் பேசிக்கொண்டிருக்கிறோம்.