வெடிதடுப்புக் குளிரூட்டியின் கொள்ளளவு

வெடிதடுப்புக் குளிரூட்டி என்பது எளிதில் தீப்பற்றும் ஆவி பரவக்கூடிய இடங்களில், மின்பொறியோ சூடான மேற்பரப்போ அவ்வாவியைப் பற்றவைக்காதவாறு வடிவமைக்கப்பட்ட வளிபதனக் கருவி ஆகும். திருப்பெரும்புதூர் - ஒரகடம் பகுதியில் உள்ளவை போன்ற வாகனத் தொழிற்சாலைகளின் வண்ணப்பூச்சு, கரைப்பான் சேமிப்பறைகள் இத்தகைய இடங்களுக்கு எடுத்துக்காட்டு.

கணக்கிடும் முறை

குளிரூட்டும் திறன் டன் அலகில் குறிக்கப்படுகிறது. 1 டன் என்பது 3.517 கிலோவாட் ஆகும். சுவர், கூரை, விளக்குகள், பணியாளர் ஆகியவற்றால் சேரும் வெப்பத்துடன் வெளிக்காற்றின் வெப்பத்தையும் கூட்ட வேண்டும். ஆவியை வெளியேற்றத் தொடர் காற்றோட்டம் தேவைப்படும் அறைகளில் இக்கடைசிக் கூறே பெரும்பங்கு வகிக்கக்கூடும்.

30 சதுர மீட்டர் பரப்பும் 3 மீட்டர் உயரமும் கொண்ட அறையில் மணிக்கு 6 முறை காற்று மாற்றப்பட்டால், 540 கன மீட்டர் வெளிக்காற்று நுழையும். 38 பாகை செல்சியசு, 45% ஈரப்பதம் கொண்ட அக்காற்றை 24 பாகை, 50% நிலைக்குக் கொணர மட்டுமே ஏறத்தாழ 6.5 கிலோவாட், அதாவது சுமார் 1.8 டன் தேவை. எனவே தரைப்பரப்பை மட்டும் கொண்டு கொள்ளளவைத் தீர்மானித்தல் தவறாகும்.

கவனிக்க வேண்டியவை

தேவைக்கு மிகுந்த கொள்ளளவுடைய கருவி அடிக்கடி நின்று இயங்குவதால் ஈரப்பதம் போதிய அளவு குறையாது. சிறிய கருவி போதும் என்பதற்காகக் காற்றோட்டத்தைக் குறைப்பது ஆபத்தானது. குளிரூட்டி ஆவியை அகற்றுவதில்லை. தொலுயீனின் தீப்பற்றுநிலை ஏறத்தாழ 4 பாகை செல்சியசு என்பதால், குளிர்ந்த அறையிலும் அபாயம் நீடிக்கும்.

இந்தியாவில் அபாயப் பகுதிகளுக்கான மின்கருவிகளுக்கு, நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு ஒப்புதல் அளிக்கிறது.