பேரே வாவியின் பேய்கள்

செத்துப்போன ஒருவன் கண் விழிக்கிறான். எதிரே சொர்க்கமும் இல்லை, எண்ணெய்க் கொப்பரையும் இல்லை. நீண்ட வரிசைதான் இருக்கிறது. கவுன்ட்டர்கள், பதிவேடுகள், எரிந்து விழும் ஊழியர்கள், அடிபட்ட கோலத்திலேயே வந்து முண்டியடிக்கும் கூட்டம். அரசு அலுவலகத்துக்கு நடையாய் நடந்தவர்களுக்குப் பழகிய நரகம்! ஷெஹான் கருணாதிலகவின் ‘தி செவன் மூன்ஸ் ஆஃப் மாலி அல்மெய்டா’ இப்படித்தான் தொடங்குகிறது. 2022-இல் புக்கர் பரிசு பெற்ற நாவல். 1992-இல் மைக்கேல் ஒண்டாச்சி வாங்கிய பிறகு இலங்கையில் பிறந்த ஒருவருக்கு அந்தப் பரிசு கிடைத்தது அப்போதுதான்.

மாலி போர்ப் புகைப்படக்காரன். சூதாடி. தன்பாலீர்ப்பை ஊருக்கு மறைத்து வாழ்ந்தவன். அவனைக் கொன்று கொழும்பின் பேரே வாவியில் வீசிவிட்டார்கள். யார் கொன்றார்கள் என்பது அவனுக்கே நினைவில்லை. ஏழு இரவுகள்தான் அவகாசம். அதற்குள், கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்த படங்களை நண்பர்கள் கையில் சேர்த்து உலகத்துக்குக் காட்ட வேண்டும். 1983 ஜூலையில் தமிழர்களை வெட்டி எரித்தபோது வேடிக்கை பார்த்த அமைச்சரின் படமும் அதில் உண்டு.

கதை நடப்பது 1989–90இல். வடக்கில் புலிகளும் இந்திய அமைதிப்படையும், தெற்கில் ஜே.வி.பி. என்ற இடதுசாரி இயக்கத்தின் இரண்டாவது கிளர்ச்சியும், அதை நசுக்கிய அரசுப் படைகளும். ஆறுகளில் பிணங்கள் மிதந்தன, சாலையோரம் டயரில் எரிந்தன. இவை எதையும் கருணாதிலக கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை. 2009-இல் போர் முடிந்தபின் எத்தனை பேர் செத்தார்கள், யார் பொறுப்பு என்று வாக்குவாதம் ஓயாமல் நடந்தது. செத்தவர்களே பேசினால் என்ன என்ற யோசனை அப்போதுதான் வந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். ஆனாலும் 2009-ஐத் தொடாமல் இருபது வருடம் பின்னால் போய்விட்டார். அந்தக் காலத்து ஆட்கள் பெரும்பாலும் இறந்துவிட்டார்கள், எழுதினால் ஆபத்து குறைவு என்பது அவர் சொல்லும் காரணம். ஆவிக்குப் பயமில்லை, எழுதுகிறவர் உயிரோடு இருக்க வேண்டுமே.

மாலிக்குப் பின்னால் ஒரு நிஜ மனிதரின் சாயல் உண்டு. பத்திரிகையாளரும் நடிகருமான ரிச்சர்ட் டி சொய்சா 1990 பிப்ரவரியில் வீட்டிலிருந்து கடத்தப்பட்டார். மொரட்டுவைப் பக்கம் கடலில் பிணமாகக் கிடைத்தார். குற்றம் சாட்டப்பட்ட போலீஸ்காரர்கள் 2005-இல் விடுதலையானார்கள். அவருடைய அம்மா மனோராணி சரவணமுத்து தமிழர், டாக்டர். பிள்ளைகளைப் பறிகொடுத்த தெற்கின் தாய்மார் திரண்ட அன்னையர் முன்னணிக்கு அவர்தான் தலைவரானார். கோர்ட்டும் போலீசும் கைவிட்ட பிறகு அந்தத் தாய்மார் போன இடம் கோயில். 1992-இல் கொழும்பு மோதரையின் காளி கோயிலில் தலைவிரி கோலமாக நின்று, தேங்காய் உடைத்து, பிள்ளைகளைக் கொண்டுபோனவர்கள் நாசமாகப் போகட்டும் என்று சாபமிட்டார்கள். அடுத்த ஆண்டு மே தினத்தன்று ஜனாதிபதி பிரேமதாச குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். கொன்றது புலிகள். ஆனால் தங்கள் சாபம்தான் பலித்தது என்று நம்பிய தாய்மாரும் இருந்தார்கள்.

அதனால் நாவலில் ஆவிகளை விழுங்கித் திரியும் மகாகாளி வரும்போது அவளை வெறும் பயமுறுத்தலாகத் தள்ள முடிவதில்லை. அமைச்சரின் உயிருள்ள மெய்க்காவலர்கள் போதாதென்று செத்த ஒருவனும் அவரைக் காவல் காக்கிறான். படித்தால் சிரிப்பு வருகிறது, நம்பவும் முடிகிறது. ஆவிகளுக்கு ஒரு விதி இருக்கிறது: தன் உடல் போன இடங்களுக்குப் போகலாம், தன் பெயரை யாராவது உச்சரித்தால் அங்கேயும் போகலாம். என்னைப் பொறுத்தவரை நாவலின் உச்சம் இந்த விதிதான். காணாமல் போனவனின் பெயரை அவன் அம்மா எத்தனை வாசல்களில் சொல்லியிருப்பாள்!

குறைகளும் இருக்கின்றன. கதை முழுக்க ‘நீ’ என்று மாலியை விளித்தே நகர்கிறது. தொடக்கத்தில் பெயர்கள் மூச்சுமுட்டும். நடுவில் பேய்களின் சண்டை சினிமா கிராபிக்ஸ்போல இழுக்கிறது.

அதைவிடப் பெரிய நெருடல் டாக்டர் ராணி. பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பழையதை விட்டுவிட்டு ஒளிக்குள் போய்விடு என்று மாலியை வற்புறுத்தும் ஆவி. அந்த ஒளிக்குள் போனால் நினைவு மிஞ்சாது. இவருடைய முன்மாதிரி ரஜினி திராணகம என்பதை ஈழத்து வாசகர் உடனே கண்டுகொள்வார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவர். 1989 செப்டம்பர் 21-இல் சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அரசு, அமைதிப்படை, இயக்கங்கள் என எவரையும் விடாமல் கொடுமைகளைப் பதிந்த ‘முறிந்த பனை’ நூலை எழுதியவர்களில் ஒருவர். எல்லாவற்றையும் எழுதிவை என்று வாழ்ந்தவரின் வாயில் மறந்துவிடு என்ற பேச்சை வைத்திருக்கிறார் கருணாதிலக. பழிவாங்கத் துடிக்கும் ஜே.வி.பி. ஆவி சேனா ஒரு பக்கம் இழுப்பதால் மறுபக்கத்துக்கு ஒரு ஆள் தேவைப்பட்டிருக்கலாம். அதற்கு ரஜினிதானா கிடைத்தார்?